விளக்கை அணைத்துவிட்டு வந்த ஜீப்

கள்ளக்குறிச்சி,
8.1.1988

அன்பு மகள் விஜயலட்சுமிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தம்பி வெங்கடேசனும் நலமாக இருக்கிறோம். இந்தத் தடவை வழக்கத்துக்காக அப்படி எழுதவில்லை, நிஜமாகவே நலம். பிலாயில் குளிர் ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளையும் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு என்ன கேஸ் என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய். தீர்ப்பு வருவதற்கு முன்னால் எதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. நேற்று வந்துவிட்டது, அபராதமும் கோர்ட் கலையும் வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கும் தண்டனையும்தான். ஆறு மாதத்துக்கு லைசென்ஸும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் உனக்குத் தெரியும். வடக்கனந்தல் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. அந்த வாரம் வண்டி ஓட்டியவர்கள் எல்லோருமே ஏரிக்கரை மண் பாதையில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் போனார்கள், வெளிச்சத்தைப் பார்த்தால் கூட்டம் வந்து மறித்துவிடும் என்ற பயம். வெள்ளிமலையிலிருந்து காலி ஜீப்போடு வந்த தம்பியும் இருட்டுகிற நேரத்தில் அப்படித்தான் வந்தான். தலையில் சாமை மூட்டையோடு நடந்து வந்த மலைக்காரர் ஒருவர் மேல் மோதிவிட்டான். பக்கத்தில் கூட்டத்தின் சத்தம் கேட்டதும், இறங்கினால் தன்னை அடித்து ஜீப்பைக் கொளுத்திவிடுவார்கள் என்று நினைத்து நிற்காமல் வந்துவிட்டான். அம்மாவிடம், குறுக்கே ஒரு கன்றுக்குட்டி வந்து அடிபட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். ஆடு மாடு அடிபட்ட வண்டியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் வாசலுக்குள் விடுவது நம் வீட்டு வழக்கம் அல்லவா, அம்மா அதை ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட்டாள்.

நான் அப்போது பெரியாஸ்பத்திரியில் பத்திரிகைக்காக மறியலில் காயம்பட்டவர்களின் விவரம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் அந்த மலைக்காரரை, இருசப்பன் என்று பெயர், கட்டிலோடு தூக்கி வந்தார்கள், தொடை எலும்பு முறிந்திருந்தது. தூக்கி வந்தவர்கள் யார் என்று கேட்டேன், மறியல் செய்துகொண்டிருந்த ஆட்களேதான். தாங்கள் வெட்டிப் போட்ட மரத்தைத் தாங்களே புரட்டி வழி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தம்பி யாருக்குப் பயந்து ஓடினானோ அவர்கள்தான் அந்த மனிதரைக் காப்பாற்றியது. அடையாளம் தெரியாத வண்டி மோதியது என்று பத்திரிகைக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, விடியும்போது வீட்டுக்கு வந்தால் வாசலில் பூசணிக்காய் சிதறிக் கிடக்கிறது, ஜீப்பின் பம்பர் வளைந்திருக்கிறது. கன்றுக்குட்டி எந்த இடத்தில் வந்தது என்று தம்பியைக் கேட்டேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

யாருக்கும் தெரியாதுப்பா, பேசாம இருந்துடலாம் என்றான். அந்த ஆள் பிழைப்பாரா என்பதே அப்போது தெரியவில்லை. இத்தனை வருஷம் கோர்ட் செய்தி எழுதியவன் என்பதால் எனக்கு இரண்டு விஷயம் தெரியும். அடிபட்டவருக்கு உதவாமல் வந்துவிட்ட டிரைவர் ஒரு நாளுக்குள் ஸ்டேஷனில் போய்ச் சொல்லவும் இல்லை என்றால் அது தனிக் குற்றம். மோதிய வண்டி எதுவென்று தெரியாமல் போனால் அடிபட்டவருக்கு அரசாங்கம் ஏதோ சிறு தொகை கொடுத்து அனுப்பிவிடும், தெரிந்தால் இன்ஷூரன்ஸ்காரன் பதில் சொல்லியாக வேண்டும். நாம் வாயை மூடிக்கொண்டால் இருசப்பன் குடும்பத்தின் வாயில் மண்தான். அம்மா என் எதிரில் வந்து நின்றுகொண்டு, ஊரே பத்திக்கினு எரியுது, இப்பப் போய்ப் புள்ளய ஸ்டேஷன்ல உட்டுட்டு வரேன்றீங்களே, நீங்க இன்னா அப்பனா ரிப்போர்ட்டரா என்று கேட்டாள். தம்பிதான் எழுந்து சட்டையை மாட்டினான்.

ஸ்டேஷன் வாசலில் இருந்த ஏட்டு எங்களைப் பார்த்ததும், இன்னா சார், உங்க பையனும் மரம் வெட்டிட்டானா, இங்க நிக்கக்கூட இடமில்ல, கல்யாண மண்டபத்துக்கு இட்டுக்கினு போங்க என்றார். கைதானவர்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சப் இன்ஸ்பெக்டர் வந்து ஜீப்பைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. கழுவியிருக்கிறீர்களே, தடயத்தை அழித்ததற்கு வீட்டில் இருப்பவர்கள் மேலும் கேஸ் போடவேண்டி வரும் என்றார். அதற்குள் பின்னாலேயே வந்துவிட்ட அம்மா, கன்னுக்குட்டின்னு சொன்னான் சார், மனுசன்னு சொல்லியிருந்தா வண்டியையா கழுவிக்கினு இருந்திருப்பேன், இவன இல்ல வெளுத்திருப்பேன் என்று போட்டாளே ஒரு சத்தம். ஏட்டு சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பம்பருக்கு அடியில் அம்மாவின் மஞ்சள் தண்ணீர் படாத இடத்தில் சாக்குத் துணி கிழிசல் ஒன்று சிக்கியிருந்தது. தம்பி தானாக வந்து சொன்னதையும் அதையும் எழுதிக்கொண்டார்கள், அம்மா மேல் கேஸ் இல்லை. அன்றைக்கே பத்திரிகைக்குத் தம்பி பெயரைச் சொன்னேன். சார், இது உங்க பையனாச்சே, போடணுமா என்று கேட்டார்கள். நேற்று நான் கொடுத்த செய்திக்கு இன்றைய விவரம், போடுங்கள் என்றேன்.

ஜாமீனில் வந்ததும் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனான். நீதானாப்பா அது, கூவிக்கினே இருந்தேனே, காதுல உழலையா என்று இருசப்பன் கேட்டாராம். உழுந்துச்சு என்றானாம் இவன். அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பும் வரை தினமும் சோறு கொண்டுபோனது இவன்தான். அவருடைய நஷ்டஈட்டு வழக்கு இன்னும் முடியவில்லை, முதல் தவணை வந்துவிட்டது. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். அது ஒன்றுதான் எங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மாப்பிள்ளை ஸ்கூட்டரில் போகிறவர், அவரிடமும் சொல்லிவை. ஏதாவது ஆகிவிட்டால் நிற்க வேண்டும், நிற்க முடியாத இடமாக இருந்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், வீட்டுக்கு அல்ல. உன் சித்தப்பா மகள் இலக்கியாவுக்குத் தை கடைசியில் நிச்சயம் செய்கிறோம், லீவு கேட்டுப் பார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மார்கழி பிறந்த அன்று இருசப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். மாவுக்கட்டோடு பஸ்ஸில் ஏற முடியாது என்பதால் நம் ஜீப்பிலேயே வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் விட்டோம். பக்கத்து வீட்டு தனசேகரன் ஓட்டினான், நான் முன்னால் உட்கார்ந்தேன், தம்பி பின்னால் அவர் காலை மடியில் தாங்கிக்கொண்டு வந்தான். வண்டி கிளம்பும்போது இருசப்பன், மொதல்ல லைட்ட போட்டுக்கினு எடுப்பா என்றார். உச்சி வெயில் நேரம். தனசேகரன் திரும்பி என்னைப் பார்த்தான். போடுடா என்றான் தம்பி. எதிரில் வந்த பஸ் டிரைவர்கள் எல்லோரும், லைட் எரியுது லைட் எரியுது என்று கையை ஆட்டிக் காட்டிக்கொண்டே போனார்கள். மலை ஏறி அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் வரை அணைக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் எல்லாச் சௌகரியமும் பெற்று நீண்ட நாள் வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். தம்பிக்குத் தனியாக நாலு வரி எழுது, திட்டாமல் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
ராஜாங்கம்