அந்தக் கூட்டம் நாங்கள்தான்

அன்பு மகள் தேனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு சுகமாக இருக்கிறோம், அயர்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளை டாமிரும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்துவிடாதே, பக்கத்து வீட்டுப் பன்றி ஒன்றுதான் செத்தது, அதுவும் சனிக்கிழமை நாங்களே அறுத்ததால். குடல் கழுவும்போது உன் அம்மா என்னைப் பார்த்து, இதைவிட உங்க மனசைக் கழுவுறதுதான் கஷ்டம் என்றாள், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சூப்பை மட்டும் நங்கென்று கொண்டுவந்து வைக்கிறாள். அதற்குக் காரணம் என்ன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் எனக்கு வேடிக்கைப் பேச்சு வந்துவிடும், மழுப்பிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஆகாமல் போனது உனக்குத் தெரியும், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நம் பெரிய தெருவைப் படம் எடுத்து நகராட்சி இணையத்தில் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாயே, அப்பா நம்ம தெரு உயிரோட இருக்குப்பா, எவ்வளவு ஜனம் பாருங்க என்று, அந்த ஜனமெல்லாம் நாங்கள்தான் கண்ணு. காலியாகக் கிடக்கிற தெருவில் எவன் கடை போடுவான், முதலில் கூட்டத்தைக் காட்டுவோம், பிறகு கூட்டம் தானாக வரும் என்று நகராட்சியில் வேலை பார்க்கிற லிடியா திட்டம் போட்டாள். கெட்ட பெண் இல்லை, தெருவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிஜமாகவே அவளுக்கு ஆசை. ஒரு வியாழக்கிழமை எங்களையெல்லாம் நல்ல உடுப்பில் வரச் சொல்லி ஆளுக்கு இரண்டு பை கொடுத்தாள், உள்ளே கசக்கின செய்தித்தாள். கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. உன் அப்பா சும்மா இருப்பானா. ஒரு தடவை தொப்பியோடு போனேன், ஒரு தடவை தொப்பி இல்லாமல், ஒரு தடவை பக்கத்து வீட்டு நாயோடு, கடைசியில் தபால்காரர் மனைவியின் கையைக் கோத்துக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி. தெருவே சிரித்தது. அந்தப் பழைய செருப்புக்கடை மூலைக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடை வந்திருக்குப்பா, அதை ஒட்டி நான் கேக் கடை போட்டா நல்லா ஓடும் என்று சொன்னாயே, அது ரொட்டி இல்லை, கண்ணாடியில் ஒட்டின படம். பூட்டின கடைகளுக்கெல்லாம் அப்படி ஒட்டியிருக்கிறார்கள். கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு இன்னும் திறக்கலையா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

யாஞ்சா அத்தை நினைவிருக்கிறதா, கம்பளி நூலும் உள்ளாடையும் விற்கிறவள், உன் முதல் காலுறை அவள் கடையில் வாங்கியதுதான். அவளுக்கு யாரும் சரியாக விளக்கவில்லை போலிருக்கிறது. கூட்டத்தைப் பார்த்ததும் கடையில் இருந்த விளக்கையெல்லாம் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எங்களுக்கோ, கடைக்குள்ளே போனால் தெருவில் ஆள் குறைந்துவிடும், வெளியிலேயே நடக்க வேண்டும் என்று உத்தரவு. நான் நாயோடு தாண்டும்போது, மரியான், என் கடைக்குள்ள வரக்கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா என்று கேட்டாள். நாய்க்கு ஏத்த அளவுல உள்பாவாடை இருந்தாச் சொல்லுக்கா, இப்பவே வரோம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போய் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டாள், அடுத்த தடவை நடக்கும்போதுதான் கடை இருட்டாக இருப்பது என் கண்ணில் பட்டது. படம் முடிந்ததும் செய்தித்தாளைக் குப்பையில் கொட்டிவிட்டு நாங்களெல்லாம் காரில் ஏறி எங்கே போனோம் என்கிறாய், புறவழிச்சாலைப் பெரிய கடைக்கு. அங்கேதான் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதாம். நானும் போய் ரொட்டியும் இரண்டு ஜோடி காலுறையும் வாங்கிவந்தேன். காலுறையைப் பார்த்ததும் உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது போகட்டும், நீ போன் செய்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆமா கண்ணு, நடக்க இடமில்ல, இடிச்சிக்கிட்டுத்தான் போறோம் என்றேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். ஏனென்றால், அப்போ நாங்க வந்துடறோம்ப்பா, அந்த மூலைக் கடையை எடுத்துக்கறோம் என்று நீ சொல்லிவிட்டாய். நீ விமானம் ஏறின நாளிலிருந்து அந்த ஒரு பேச்சுக்குத்தான் நான் காத்துக்கிடந்தேன். ஒரு பொய்யால் பிள்ளை வீடு வந்து சேருகிறாள் என்றால் வரட்டுமே, வந்தபிறகு எப்படியோ பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்துவிட்டேன். விடியுமுன் எழுந்து நீங்கள் அங்கே ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து சேர்த்த பணத்தையெல்லாம் காலித் தெருவில் கொண்டுவந்து கொட்ட வைக்கப் பார்த்தேன், பெற்ற அப்பன். மாப்பிள்ளை வேலையை விடப்போகிறார், மாதக்கடைசியில் கடைக்குக் கையெழுத்து என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம், அதைக் கேட்டதிலிருந்து, காப்பிக்கடைகளுக்குப் பீர்ப் பெட்டி இறக்குகிற என் வேலையில் இரண்டு தடவை கடை மாற்றி இறக்கிவிட்டேன். கையெழுத்துப் போடாதே, வேலையை விடாதே. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், நான் பன்றியிலிருந்து ஆரம்பித்தேன்.

நேற்று யாஞ்சா கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, காலுறை கேட்டேன். புதுசு கால்ல போட்டிருக்கியே, நாய்க்கா கேக்கிறே என்றாள், அவள் விடுவாளா. பிறகு, உன் பொண்ணு கேக் கடை போடறாளாமே, டிசம்பரோட மூடிடலாம்னு இருந்தேன், இனிமே மூடல, பக்கத்துல அடுப்பு எரிஞ்சா எனக்கும் நாலு பேர் வருவாங்க என்றாள். நான்தான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேனே. பைக்குள் காலுறையைப் போட்டுக் கொடுத்தாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு உண்மையைச் சொல்ல அவளிடம்தான் போகப்போகிறேன், உனக்கு எழுதுவதைவிட அது கஷ்டம், எழுதும்போது உன் முகம் எதிரே இல்லை.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தெருவில் காலையில் மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் கொஞ்சம், ஒரே காப்பியை வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்காருகிறவர்கள் கொஞ்சம், மழை வந்தால் அவர்களும் இல்லை. அக்ரூட் பருப்பு வைத்து நீ சுடுகிற கேக் சுருளுக்கு ஜனம் வரலாம், வராமலும் போகலாம், எனக்குத் தெரியாது, தெரிந்தவன் மாதிரி இனிமேல் பேசமாட்டேன். நீ இனி எங்கள் யார் பேச்சையும் நம்பாதே, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வந்து அந்த மூலைக்கு எதிரே நின்று உன் கண்ணால் பார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிப் போனாலும் எனக்கு உன்மேல் ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளையிடம் என்னை மன்னிக்கச் சொல், கழுத்தில் துண்டு சுற்றாமல் இருவரும் வெளியே போகாதீர்கள், கடவுள் உங்களைக் கூடவே இருந்து காக்கட்டும். மறந்துவிடாதே, வருகிற நாளை அம்மாவிடம் மட்டும் சொல், எனக்குச் சொல்லாதே. எனக்குத் தெரிந்தால் ஊரைத் திரட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் நடக்க விட்டாலும் விடுவேன்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்க ஏங்கும் அப்பா
மரியான்