முதல் மணிக்கு எடுக்காதவள்

இன்று காலை நம் ஓட்டலில் உன் பழைய டெலிபோன் போர்டைக் கழற்றினார்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்திருந்த டெக்னீசியன் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு ரிசீவரை அட்டைப்பெட்டிக்குள் போடப் போனார். "அதை இங்க குடுங்க" என்று வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பேசுகிற பக்கத்துத் துளைகளில் தைல வாசனை. ஊரில் பாதிப் பேருக்குச் சளி, எல்லாரும் வாய் வைக்கிற போன் என்று தினமும் பஞ்சில் தைலம் தொட்டுத் துடைப்பாயே, அந்த வாசனைதான். உன்னைப் போர்டிலிருந்து எழுப்பி அனுப்பிய பிறகும் அந்த வேலையை நான் விடவில்லை. வீம்புக்குத்தான் செய்தேன். அதை முகர்ந்ததும் பழைய கோபம் அப்படியே தலைக்கேறிவிட்டது.

டெக்னீசியன் அந்த நேரம் பார்த்தா அதைச் சொல்ல வேண்டும்? "மேடம், புது போர்டுல சைட் செட்டிங்ஸ் ஒண்ணுதான் பாக்கி. போன வாரம் ஏற்காட்டுல ஒரு ஓட்டலுக்குப் போட்டேன். அதையே காப்பி பண்ணிட்டா வெரசா சோலி முடிஞ்சிரும்" என்றார்.

"ஒண்ணையும் காப்பி பண்ணாதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. சாவி வாங்க நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். இப்படி ஒரு காப்பிதான் உன்னை லாண்டிரிக்கு அனுப்பியது. அது டெக்னீசியனுக்கு எப்படித் தெரியும்? பாவம், பேந்தப் பேந்த விழித்தார்.

நீ போர்டில், நான் பக்கத்தில் ரிசர்வேஷன் மேஜையில். எத்தனை சீசன் அப்படி உட்கார்ந்திருப்போம். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த உன் அம்மாவின் வாயிலிருந்து உனக்கு ஒட்டிக்கொண்ட சொல் ஒன்று உண்டு. யாராவது கூடுதலாகப் பேசினால் "கதைக்காத" என்பாய். நாங்கள் கேலி செய்வோம். நீ கண்டுகொள்ளவே மாட்டாய்.

அறை சுத்தம் செய்கிற பெண்கள் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்புவார்கள். வட்டக்கானல் பக்கத்துக்காரர்களுக்குச் சோலைக்குள் இறங்குகிற குறுக்குப் பாதைதான் வழி. பனி மூடிவிட்டால் எதிரே காட்டுமாடு நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. ஒரு நாள் அவர்களில் ஒருத்தியான பாக்கியத்தை மாடு விரட்டி, அவள் மரத்து மறைவில் வெகுநேரம் நடுங்கிக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்து நீ சொன்னாய்: "வீட்டுக்குப் போனதும் ஓட்டல் நம்பருக்கு ஒரே ஒரு மணி அடிக்க விட்டுட்டு வச்சிருங்க. நான் எடுக்க மாட்டேன். உங்க காசும் போவாது, என் மனசும் அடங்கும்."

அன்றிலிருந்து அது நம் ஓட்டலின் வழக்கமாகிவிட்டது. சிறு திரையில் எண் தெரியும், ஒரு மணி அடிக்கும், நின்றுவிடும். உன் கை மடியிலேயே இருக்கும். "பாக்கியம் சேந்துட்டா" என்று என்னிடம் சொல்வாய். பள்ளங்கிக்குப் போகிற ஜீப்பில் ஏறுகிற பெண்களுக்கும் அதே ஏற்பாடு. உன் வேலை நேரம் முடிந்தாலும் கடைசி மணி வராமல் கைப்பையை எடுக்க மாட்டாய். ஒரு முறை ஒருத்தியின் மணி வரவில்லை. வாட்ச்மேனை டார்ச்சோடு அனுப்பினாய். கணுக்கால் பிசகிப் பாதையோரம் உட்கார்ந்திருந்தவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். மணி வராததை வைத்தே ஒரு பெண்ணைக் காப்பாற்றினாய். அதற்கு எந்த மேனேஜரும் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் வந்தது கால் லாக்கிங் சாஃப்ட்வேர். எந்தப் போன் எப்போது வந்தது, யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று ஒன்று விடாமல் பதிந்து வைக்கும். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதற்கு ஒவ்வோர் இடத்தின் நடைமுறையையும் நாம்தான் சொல்லித் தர வேண்டும். அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது: ஊர் எது, வெளி லைனுக்கு எந்த எண்ணைத் தட்டுவார்கள், எந்த மாதிரி அழைப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் கேட்கும். அன்று வந்த ஆள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. முதலாளிக்குக் கடற்கரையில் இருக்கிற இன்னொரு ஓட்டலுக்குப் போட்டிருந்ததை அப்படியே இங்கே இறக்கிவிட்டு, ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டார். கடற்கரையில் ஒரு மணி அடித்து நின்றால் வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டுப் போனார் என்று அர்த்தம். இங்கே பாக்கியம் வீட்டு வாசற்படி ஏறிவிட்டாள் என்று அர்த்தம். இதை யார் அதற்குச் சொன்னார்கள்?

மாதம் முடிந்து ரிப்போர்ட் வந்தது. அப்போதைய மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். நானும் கூடவே வந்தேன்.

"சாயங்காலம் ஆனா போனே எடுக்குறதில்லையாம்மா நீங்க? இத்தனை மிஸ்டு கால். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். தலைப்பிலேயே கடற்கரை ஓட்டலின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. "சார், மேல வேற ஓட்டல் பேருல்ல போட்டிருக்கு" என்றேன்.

"பேரு தப்பா இருந்தா கால் தப்பாயிருமா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாத ஒரு மெஷினை அவர் நம்பினார். இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன்னை நம்பவில்லை. நான் விஷயத்தைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நீ என் மணிக்கட்டைக் கிள்ளினாய்.

வெளியே வந்ததும் உன்னைத்தான் பிடித்துக்கொண்டேன். "ஏன் புள்ள வாயத் தெறக்கல?"

"சொன்னா ஓட்டல் லைனைச் சொந்தத்துக்கு வச்சிருந்தாங்கன்னு அந்தப் பொண்ணுக மேல பாய்வாங்க. அவுக நாள் சம்பளக்காரவுக, நாளைக்கே வராதன்னுருவாங்க. எனக்கு எடத்தை மாத்துவாங்க, அம்புட்டுத்தான்."

"அதுக்காக? பழி கெடக்கே உம்மேல."

"கெடந்துட்டுப் போவுது. நீ போய்க் கதைக்காத. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். உன்மேல் எனக்குள்ள கோபம் இதுதான், இன்னும் ஆறவில்லை. உன் நல்ல பெயர் உனக்குச் சாதாரணமாக இருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்படி இல்லை.

"போனை எடுப்பதில்லை" என்று உன் பேரில் எழுதி, உன்னைக் கீழ்த்தளத்து லாண்டிரிக்கு அனுப்பினார்கள். மணி இனி உன் செல்போனுக்கு என்று பெண்களிடம் சொல்லிவிட்டாய். லாண்டிரியில் சிக்னல் கிடையாது. ஆகவே தினமும் சாயங்காலம் ஓட்டல் கேட்டுக்குப் பக்கத்தில், அந்தப் பேரிக்காய் மரத்தடியில், போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனியில் நிற்பாய். ஏற்கெனவே இழுப்பு உள்ள உடம்பு. நான் சால்வை கொண்டுவந்து போர்த்தி, "உள்ள வா புள்ள" என்று கெஞ்சுவேன். "இரு, பள்ளங்கி ஜீப்பு இன்னும் அடிக்கல" என்பாய். பேச்சுக்கு நடுவே மூச்சு சீழ்க்கை அடிக்கும்.

உன்னைக் கொண்டுபோன நுரையீரல் கோளாறு பழையது, பனியால் வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அவர் அந்தக் கேட்டுப் பக்கம் ஒரு நாளும் நின்றதில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலை உன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் இருந்த உன் செல்போன் ஒரு மணி அடித்து நின்றது. உன் தம்பி எடுக்கப் போனான். "எடுக்காதப்பா" என்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. உன் அடக்கத்துக்கு வந்துபோன பெண்கள் வீடு சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது முன் அலுவலகத்துக்கு நான்தான் மேனேஜர். போன வாரம் நீ வாங்கிய சத்தியத்தை உடைத்து, முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேரில் எழுதியதை எடுக்கச் சொன்னேன். "அந்த மேனேஜரும் போயிட்டாரு, அந்த சாஃப்ட்வேரும் போயிருச்சு. இப்ப எதைம்மா எடுக்கச் சொல்றீங்க?" என்றார். எப்படி இருக்கிறது பார். கறையைப் பூசியவர்கள் எல்லாம் போய்விட்டார்களாம், அதனால் துடைக்க வேண்டியதில்லையாம். பெண்கள் ஓட்டல் லைனுக்கே அடிக்கட்டும் என்று மட்டும் தலையாட்டினார். அதையாவது செய்தாரே.

ஆகவே இன்று டெக்னீசியனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் நம் ஓட்டல் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட வைத்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு மணி அழைப்புகளைப் பற்றிச் சொன்னதும் அவர் தயங்கினார்.

"எல்லாத்தையும் விட்டுட்டா நெசமான கஸ்டமர் வச்சுட்டுப் போனாலும் தெரியாதே மேடம்."

"எல்லாத்தையும் விட வேண்டாம். நான் சொல்ற நம்பரை மட்டும் தனியா ஒரு குரூப்பா வைங்க."

"குரூப்புக்கு ஒரு பேரு வேணும்."

உன் பெயரைச் சொன்னேன்.

"ஸ்டாஃபா மேடம்?"

"ஆமா. சாயங்கால டூட்டி."

அவர் அதைக் கீபோர்டில் தட்டினார். "இந்த குரூப்புல வர்ற காலை எடுக்காட்டி ரிப்போர்ட்ல என்னன்னு காட்டணும்? மிஸ்டுன்னே இருக்கட்டுமா?"

"வேண்டாம். வீடு சேந்தாச்சுன்னு காட்டட்டும்."

சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி வந்தது. போர்டில் இப்போது உட்காருகிற பெண் புதிது. போன் அடித்ததும் கையை நீட்டினாள். நான் மெல்லப் பிடித்து நிறுத்தினேன். ஒரு மணியோடு நின்றது. பாக்கியத்தின் எண். திரையில் ஒரு வரி விழுந்தது: உன் பெயர், பக்கத்தில் 'வீடு சேர்ந்தாச்சு'. அதற்குக் கீழே இன்னொன்று, இன்னொன்று என்று உன் பெயர் இறங்கிக்கொண்டே வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றவர் இப்போது வந்து படித்துப் பார்க்கட்டும்.

புதுப்பெண் கிளம்பிவிட்டாள். என் கைப்பை இன்னும் மேஜைக்கடியில்தான் இருக்கிறது. பள்ளங்கி ஜீப்பு இன்னும் அடிக்கவில்லை.