பின்பாதியைப் படித்தவனுக்கு

அன்புள்ள சகலை ஏகாம்பரத்துக்கு,

அக்காளையும் தங்கையையும் கட்டிக்கொண்ட இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டாலே போதும் என்றுதான் நம் மாமனார் வீட்டில் எதிர்பார்த்தார்கள். நாம் அதைத் தாண்டிப் போய்விட்டோம். அதன் பலனை இப்போது நான் தனியாக அனுபவிக்கிறேன். நீ போனபின் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம். புத்தகங்கள் மட்டும் சரியில்லை.

நம்மைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் குழம்பக் கூடாது. தடித்த நாவல் எது வாங்கினாலும் அம்பத்தூர் பைண்டிங் கடையில் கொடுத்து நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டுக்கும் அட்டை போட்டு, ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொள்வோம். முடித்ததும் மாற்றிக்கொள்வோம். இரண்டு பேருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை என்பதைத் தவிர இதற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. இரண்டு பிரதி வாங்கினால் என்ன என்று கேட்டவர்களிடம், "அப்பால யார்கூட மாத்திக்கிறது?" என்றாய்.

பின்பாதி எப்போதும் உனக்கு. நீயே கேட்டு வாங்கிக்கொள்வாய். "முன்பாதில எல்லா ரைட்டரும் நல்லவன்தான் சகல. பின்பாதிலதான் மாட்டிக்கினு முழிப்பான்." நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

மாற்றிக்கொள்ளும்வரை கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது மட்டும்தான் நம் விதி. அந்த விதிதான் நம்மை மோசம் செய்தது.

கடைசியாக வெட்டியது அந்த வெள்ளானூர்க்கார அம்மாவின் நாவல். அதுவரை உயிரோடிருக்கும் எழுத்தாளர்களை நாம் அவ்வளவாகச் சட்டை செய்ததில்லை. இவரோ நம் ஏரியா பஸ்ஸில் போகிறவர். கதையில் வரும் கன்னியம்மாவும் பாடியில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய் வருகிறவள். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உன் பாதியை முடித்துவிட்டாய். என்னைப் பார்த்ததும் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சகல, ஒண்ணே ஒண்ணு. இந்தக் கன்னியம்மா ஏன் தெனம் ஒரு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கி நடந்து வருது? முன்பாதில காரணம் எதுனா கீதா?"

"இருக்குடா. அவ வீட்டு ஸ்டாப்புல ஒரு பொட்டிக்கடை..."

"அய்ய, சொல்லாத!" காதைப் பொத்திக்கொண்டாய், ஊசி குத்தியிருந்த கையோடு. "ஊட்டுக்கு வந்து நானே படிச்சிக்கிறேன்."

மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டபிறகும், 'ஊட்டுக்கு வந்து' என்று நீ சொன்னதைத்தான் நான் நம்பினேன். வாயை மூடிக்கொண்டேன். கைகளைப் பிடித்து விலக்கிச் சொல்லியிருக்கலாமே? இரண்டு வரி விஷயம்.

காரியமெல்லாம் முடிந்தபின் மச்சினி உன் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்களே வெச்சிக்கோங்க மாமா. ஊட்ல கெடந்தா, அவரு எழுந்து கண்ணாடி கேப்பாருன்னே தோணுது." வாங்கி வைத்தேன். இன்றுவரை ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. புதிதாக மூன்று பேரின் எழுத்து எனக்குப் பிடித்துப்போயிருக்கிறது. ஒருவர் பூந்தமல்லிக்காரர், கல்யாண மண்டபச் சமையல்கட்டை வைத்தே சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார். உன் பாஷையில் சொன்னால், ஆளு டாப்பு. மூன்று பேரின் புத்தகங்களையும் வெட்டாமல் முழுசாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பாதியில் கை தானாக நின்றுவிடுகிறது. அதற்குமேல் உன் பங்கு என்று பழகிப்போன கை. இப்போது என்னிடம் மூன்று நல்ல ஆரம்பங்கள் இருக்கின்றன. முடிவைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் வெள்ளானூர் அம்மாவோடு சந்திப்பு. நாம் சேர்ந்து போயிருக்க வேண்டிய கூட்டம். பின்னால் எட்டாம் வகுப்பு அறிவியல் படங்கள், முன்னால் பொன்னாடை. மூன்று பேர் பேசினார்கள். மூவரும் முதல் அத்தியாயத்து மழையைப் புகழ்ந்தார்கள். மூவரும் நூறாம் பக்கத்துக்கு முன்பே நிறுத்தி, மீதியை வாசகர்கள் படித்து அறிய வேண்டும் என்றார்கள். அவர்களும் அதில் அடக்கம் என்பது என் ஊகம். அந்த அம்மா ஏற்புரையில் தன்னைத்தானே கேலி செய்துகொண்டு பேசினார். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். யாரோ ஹெல்மெட் வைத்திருந்தார்கள்.

கையெழுத்துக்கு இரண்டு பாதிகளையும் நீட்டினேன்.

"யார் சார் இப்படிப் பண்ணது?"

"நாங்கதாம்மா."

"எலின்னு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும் சார்."

நம் வழக்கத்தைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்றும் சொன்னேன்: கன்னியம்மாவுக்கும் அவள் மாமியாருக்கும் சண்டை வரும் இடம் பிரமாதம், கடைசி அத்தியாயம்தான் அவசரம், ரைட்டரம்மாவுக்கு பஸ் வந்துவிட்டது போல. ஆஸ்பத்திரியில் விதியை மீறி நீ என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நிஜம்தான் சார். அவசரமாத்தான் முடிச்சேன். புத்தகம் வந்ததுலேர்ந்து பின்பாதியைப் பத்தி ஒருத்தர்கூட என்கிட்ட பேசினதில்ல. அவர் வரலையா இன்னிக்கு?"

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை, ஏகாம்பரம். "அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிட்டு வர்றேம்மா" என்றேன். முகம் மலர்ந்து உன் பாதியில் எழுதினார்: 'ஏகாம்பரம் சாருக்கு. கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சண்டை போட நேரில் வாருங்கள்.'

வீடு திரும்பும்போது நினைத்துக்கொண்டேன், இனி அந்தக் கூட்டங்களுக்குப் போக முடியாது. மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷத்தையும் ஒரு பொய்யால் மூடிவிட்டேன். உன் கேள்விக்கான பதில் அப்போதுதான் எனக்கே சரியாகப் புரிந்தது. இப்போது நீ காதைப் பொத்த முடியாது, கேள்.

கன்னியம்மாவின் புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவள் வீட்டு ஸ்டாப்பில் பெட்டிக்கடைக்காரர் ஒருவர், நல்ல மனுஷன், "ஊட்டுக்காரரு எப்பம்மா வர்றாரு?" என்று கேட்கிறார். அவள், "அடுத்த வாரம்ணே" என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கிறாள்.

அடுத்த கூட்டம் ஆவடியில். அதற்குள் உன் பாதியைப் படித்துவிடுகிறேன். படித்துவிட்டுப் போய், அந்த அம்மாவிடம் உன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லி, கடைசி அத்தியாயத்துக்காக உன் சார்பில் சண்டையும் போட்டுவிட்டு வருகிறேன். முன்னாடியே இறங்கி நடக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பெண் எடுத்த வீட்டில் உனக்கு மூத்தவன்,
படிப்பில் என்றும் உனக்குப் பாதி,
உன் சகலை