மணியை முந்தி அடித்தவள்

இந்த மழைக்காலத்தில் நம் பாட்டுக் கன்ட்ரோலரின் திருகுகள் பிசுபிசுத்துப் போய்விட்டன. மேலே பூசியிருக்கும் ரப்பர் செம்பூரின் ஈரக்காற்றில் இளகி, தொட்டால் விரலோடு வருகிறது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரப்பருக்கும் ஸ்பிரிட்டுக்கும் நடுவில் லேசாகச் சந்தன வாசனை. விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். சந்தனம்தான். வாங்கின வருஷம் நான் இட்ட பொட்டு ஏதோ இடுக்கில் இறங்கி உலர்ந்து, இத்தனை நாள் அங்கேயே இருந்திருக்கிறது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

மத்தியானம். உன் அண்ணா உள்ளே படுத்திருக்கிறார். போன வருஷம்வரை இந்த வேளையில் சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான், நடுவில் இந்தக் கறுப்புப் பெட்டி. இப்போது ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அதற்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நீ ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று வந்ததும், வீட்டில் பாயசம் வைத்தோம். பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "மன்னி, அடுத்த நவராத்திரிக்கு நம்ம சொசைட்டி கோலாட்டத்துக்கு நான்தான் டீஜே. இப்ப வர்ற டீஜே போடற பாட்டைக் கேட்டா அம்பாளே கொலுவை விட்டு எழுந்து போயிடுவா." உன் அண்ணாவுக்குப் புரையேறியது. முப்பது வருஷம் ஹார்பர் லைன் ரயிலில் போய் இன்ஷூரன்ஸ் பைல் பார்த்தவள், கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டவள், ஒரு நாள் கூட உரக்கப் பாடாதவள். காதில் மட்டும் எப்போதும் ஏதோ மாட்டியிருப்பாய். ரயிலில் என்ன கேட்டாய் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

எனக்கும் ஒரு தேவை இருந்தது. நம் பஜனைக் குழுவுக்கு ஹார்மோனியம் வாசித்த மாமி மகளோடு புனேக்குப் போய்விட்டாள். சுருதிக்கு ஆள் இல்லை. எனக்கு வேண்டியது கட்டைகள், உனக்கு வேண்டியது இரண்டு சக்கரம் வைத்த டீஜே சாமான். கையில் இருந்தது மாதச் சீட்டில், இந்த ஊரில் பிசி என்பார்களே, அதில் எனக்கு விழுந்த தொகை. இரண்டும் வாங்க அது காணாது. நான் கணக்கு எழுதுகிறவள், அதை உன்னிடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லாமிங்டன் ரோடு கடையில் அந்த குஜராத்திக்காரர் நம்மைப் பார்த்ததும், "பேட்டே கே லியே?" என்றார். பையனுக்கா என்று. நீ கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "நஹி, மேரே லியே" என்றாய், எனக்குத்தான் என்று. அதற்கப்புறம் அவர் உன்னிடம் மட்டும்தான் பேசினார்.

நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். விலை குறைந்ததில் கட்டைகள் பொடிப்பொடியாக இருந்தன. ஒன்றை அழுத்தினால் என் விரலுக்கு இரண்டு விழுந்தது. இன்னொன்றில் சுரத்தை வளைக்க ஒரு குச்சிதான் இருந்தது, விட்டால் படக்கென்று திரும்பிவிடும். பக்திப் பாட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டாமா? அதற்கு நிதானமாக உருளுகிற வளையம் வேண்டும். பெரிதாக நாலைந்து ஸ்தாயி உள்ளது எடுத்தால் மேஜையில் தட்டு வைக்க இடம் இருக்காது. நீயோ அந்தப் பக்கம் சக்கரங்களைச் சுற்றிக்கொண்டே நின்றாய், கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவன் மாதிரி அவ்வளவு கவனமாக.

"சக்கரம் வெச்சதுல கட்டை கிடையாதாம், மன்னி."

"கட்டை வெச்சதுல?"

"சக்கரம் கிடையாது. எட்டு பேட் இருக்கு, எட்டு நாப் இருக்கு. சரி, எடுங்கோ. ஆனா எட்டும் எட்டும் என்னுது. கட்டை மட்டும்தான் உங்களுது. கை வைக்கப்படாது."

அப்படித்தான் பாகம் பிரித்து வாங்கினோம். இரண்டு ஸ்தாயிக் கட்டைகள், முழு அளவு. எட்டு ரப்பர் பேட், எட்டு திருகு, ஓரத்தில் வளையம்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு அதையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டேன். "காதும் குத்திடுங்கோ, பேரும் வெச்சுடலாம்" என்று நீ சிரித்தாய். பூஜையன்று தொடக்கூடாது. விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து, கண்ணை மூடி அம்பாளை நினைத்து, முதல் கட்டையை அழுத்தினேன். சத்தமே இல்லை. எல்லாக் கட்டையும் அழுத்தினேன். நீ உன் பேட்களை அடித்தாய். டப் டப் என்று ரப்பர் சத்தம். உன் அண்ணா பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "அம்பாள் தனக்குன்னு வாங்கிண்டுட்டா போலிருக்கு" என்றார்.

கடைக்கு போன் செய்தாய். அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: அதற்குள் சத்தம் கிடையாது, எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினீர்கள் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லுவது மட்டும்தான் அதன் வேலை, பாடுவது கம்ப்யூட்டர். கடையில் மேஜைக்கு அடியில் ஒரு லேப்டாப் இருந்திருக்கிறது. நாம் மேலே மட்டும் பார்த்திருக்கிறோம்.

பிறகு உன் அண்ணாவின் பழைய லேப்டாப்பும் வந்து மேஜையில் உட்கார்ந்தது. நான் ஹிந்திக் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எந்தத் திருகுக்கும் எந்த வேலையையும் சொல்லிக்கொடுக்கலாம் என்று கண்டுபிடித்த அன்று, ஒரு பாட்டை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிற வேலையை உன் முதல் திருகுக்குக் கொடுத்தேன். நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு கரைந்து வந்தது. "சக்கரமே வேண்டாம் மன்னி" என்றாய், மெதுவாக.

எட்டு பேட்டுக்கும் நீயே போனில் சத்தம் பிடித்தாய். என் குக்கர் விசில், கோலாட்டக் குச்சி, ஜால்ரா, உன் அண்ணாவின் தும்மல், நான் "காப்பி ஆறறது" என்று கத்துவது. முதல் பேட்டில் நம் பூஜை மணி. கோலாட்டத்தில் ஒரு சுற்று முடிந்து வட்டம் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அந்த மணியை அடிப்பாய். எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே அடிப்பாய்.

"சுத்து முடியலை, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று நான் சண்டைக்கு வருவேன்.

"ஸ்டேஷன் வந்தப்புறம் எழுந்தா எறங்க முடியுமோ? முந்தின ஸ்டேஷன்லயே வாசலுக்கு வந்துடணும். இவாளுக்கு முழங்கால் திரும்பவே நேரம் வேணும் மன்னி."

மாசியில் நீ போனாய். ஆஸ்பத்திரியில் சேர்த்து, விசாரித்து, மருந்து மாற்றி, அதற்குள். அதிலும் முந்திக்கொண்டாய் என்று வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து வீடு காலியானபின் ஒரு மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து பேட்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். குக்கர் கூவியது. தும்மல் வந்தது. காப்பி ஆறிற்று. எல்லாரும் இருந்தோம். சத்தம் பிடித்தவள் நீ, அதனால் நீ மட்டும் ஒன்றிலும் இல்லை. போனில் தேடினேன். நீ பேசினது ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தது போன வருஷம் ஒத்திகையில் நீ முழுக்க வாசித்துப் பதிந்து வைத்த கோலாட்டம் ஒன்றுதான். அதிலும் உன் குரல் கிடையாது. எந்த பேட்டில் எப்போது எவ்வளவு அழுத்தத்தில் உன் விரல் விழுந்தது என்பது மட்டும் வரிவரியாக இருக்கிறது.

இந்த நவராத்திரிக்கு அதையே போடலாம் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். மேல் மாடி மனாலியைத் தெரியுமே, விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்க்கிற மராட்டிப் பெண், அவள் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன் என்று வந்தாள். திரையில் தாளத்துக்குக் கோடுகள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னப் பட்டை. உன் மணிப் பட்டைகள் அத்தனையும் கோட்டுக்கு இடதுபக்கம் தள்ளி நின்றன. பிளாட்பாரத்தில் எல்லாருக்கும் முன்னால், தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ரயில் வருகிற திசையைப் பார்த்து நிற்பாயே, அப்படி.

"காகி, எல்லாமே முன்னாடி விழறது" என்று ஹிந்தியில் சொன்னாள் மனாலி. அவர்கள் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காகி என்பாள். "ஒரு பட்டனை அமுக்கினா எல்லாம் கோட்டுல வந்து உட்கார்ந்துடும். புதுசா ஆடறவாளுக்குச் சுலபமா இருக்கும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. நானே உன்னோடு அதற்காகத்தானே சண்டை போட்டேன். ஆனாலும் அந்த பட்டனை அமுக்கினால் நீ இருக்கிற கடைசி இடமும் போய்விடும். "இன்னொரு பிரதி எடுத்துண்டு அதுல பண்ணு" என்றேன். மனாலி, புது கன்ட்ரோலரும் வாங்கிவிடலாமே என்று போனில் காட்டினாள். அன்றைக்கு நாம் கொடுத்த விலைக்கு இப்போது சக்கரம் இரண்டும் வைத்தே வருகிறது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடம் காட்டுவது?

நேற்று சாயங்காலம் கீழ் ஹாலில் ஒத்திகை. மனாலி திருத்திய பிரதியைப் போட்டாள். நான் உன் நாற்காலியில், பெட்டிக்குப் பக்கத்தில். அம்பாளே, குச்சிகள் முட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். குச்சிகள் சேர்ந்தே விழுந்தன. முதல் சுற்று முடியப் போனது. மணி இன்னும் அடிக்கவில்லை. அதற்குள் முழங்கால் வலிக்காரிகள், இடுப்புப் பட்டை கட்டியவர்கள், அத்தனை பேரும் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் பார்த்து, குச்சியைத் தூக்கி நின்றபின்தான் மணி அடித்தது. ஏதோ தப்பு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. வட்டத்தில் நின்ற மூன்றாம் மாடி மாமி, "என்னடி, இன்னிக்கு மணி லேட்டா வரது?" என்றாள்.

மூன்றாம் சுற்றில் ஹார்பர் லைன் வண்டி ஒன்று தூரத்தில் போகிற சத்தம் கேட்டது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததாகத்தான் நினைத்தேன். மனாலி என்னை ஒருமாதிரி பார்த்தாள். குனிந்து பார்த்தால் என் முழங்கால் இரண்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. மணி அதற்கப்புறம்தான் அடித்தது.

"பழைய பிரதியையே போடு" என்றேன்.