உப்பரிகையில் அழுகிய லாவெண்டர்

நலம் பெருகுக. மழை குறைந்தாலும் மணம் குறையாத கல்லக நாட்டின் அரசியார், எம் சம்பந்தியார், மாவரைத்தேவியாரின் திருமுன்னர், ஏழாறும் கூடும் புனல்நாட்டு வேந்தன் கரையாளன் தன் கையாலேயே எழுதிய ஓலை. எழுத்து கோணியிருப்பின் பொறுத்தருள்க. எழுத்தரை அழைத்து இதைச் சொல்ல நாக் கூசிற்று.

உம் மகளும் எம் மருமகளுமாகிய நறுவீ எம் நாடு புகுந்த நாளில், பொன்னும் மணியும் பின்னே வர, உம் மலையோர் லாவெண்டர் என வழங்கும் ஊதாப் பூஞ்செடிகளை மண்தொட்டிகளில் தன் பல்லக்கிலேயே ஏற்றி வந்தாள். வெயில் தாராளமாய் விழும் மேற்கு உப்பரிகையில் அவற்றை வரிசையாக வைத்தாள். அம்மணம் இல்லாவிடில் தனக்கு உறக்கம் பிடிக்காது என்றும், எவரும் நீர் வார்க்க வேண்டாம், மண் நன்றாய்க் காய்ந்தபின் தானே வார்ப்பதாகவும் பணிவோடு கூறினாள்.

எம் நாட்டு வழக்கம் தேவியார் அறிவீர். எமக்கு மரியாதை என்பதே நீர்தான். விருந்தினர் பாதத்துக்கு நீர், வீரர் வாளுக்கு நீர், ஓலைக்கும் பன்னீர் தெளித்தே முத்திரையிடுவோம். நீர் வேண்டாம் என்பது எம்மிடையே உறவு வேண்டாம் என்பதற்கு ஈடு. ஆதலால் மருமகள் கூச்சத்தால் அவ்வாறு கூறினாள் என்று நாமே பெருந்தன்மையாய் முடிவு செய்தோம். அவள் எம் தேவியோடு குலதெய்வ வழிபாட்டுக்குச் சென்றிருந்த சமயத்தில், சீர்வரிசையாக வந்த செடிகளுக்குக் குறை வைக்கலாகாதென்று காலையும் மாலையும் குடம் குடமாய் வார்க்கப் பணித்தோம். கல்லும் மணலுமாய் இருந்த மண்ணைக் கொட்டிவிட்டு ஆற்று வண்டலை நிரப்பச் செய்தோம். தொட்டிகளின் அடியில் துளை கண்டு, ஓட்டைத் தொட்டியிலா சீர் அனுப்புவார்கள் என்று உம்மை நொந்துகொண்டு, மெழுகால் அடைக்கவும் சொன்னோம்.

அவள் திரும்பியபோது இலைகள் மஞ்சளித்து, தண்டுகள் அடியில் கறுத்திருந்தன. அழுதபடியே தொட்டிகளைச் சாய்த்துத் தேங்கிய நீரைக் கொட்டினாள். நாம் செய்த மரியாதையை அவள் கொட்டிவிட்டதாக எண்ணிய எமக்குச் சினம் தலைக்கேறியது. அவை கூடியிருக்க அவளை அழைத்து, பச்சைத் தண்ணீர் தரவும் மனமில்லாத நாட்டில் பிறந்தவளுக்கு எம் மரியாதை எங்கே விளங்கும் என்று கூறினோம். அவையோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அவள் உம் நாட்டுக்குப் பல்லக்கேறினாள். அன்று முதல் எம் மைந்தன் செங்கீரன் எம் முகத்தைப் பார்ப்பதில்லை.

முன்பு உம் நாட்டிலிருந்து வரும் வழியிலேயே அத்தொட்டிகளுள் ஒன்று விரிசல் விட்டிருந்தது. விரிசலுற்ற கலம் மங்கலம் அன்று என்பதால் பணியாளர் அதை உப்பரிகைக் கோடியில் ஒதுக்கி வைத்து, மண்ணும் மாற்றாமல், நீரும் வார்க்காமல் விட்டிருந்தனர். நேற்று மணம் வந்த வழியே நடந்து சென்றோம். அந்த ஒன்று மட்டும் பூத்துக் குலுங்கி நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்ன அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டேன். இவ்விடத்தில் நாம் என்று எழுதக் கை வரவில்லை, தேவியாரே. உம் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

அவளைத் திருப்பி அனுப்புக என்று கேட்கும் வாய் எனக்கில்லை. அவளே வர விரும்பின், சிரித்த அதே அவையில் எழுந்து நின்று பிழை பொறுக்கும்படி அவளை வேண்டுவேன். வர விரும்பாவிடில், இவ்வோலையைச் சுமந்து வரும் செங்கீரனை உம் மருமகனாக அங்கேயே வைத்துக்கொள்க. எனக்கு இருப்பவன் அவன் ஒருவனே, எனினும் தடுக்கமாட்டேன்.

மேற்கு உப்பரிகைக்கு இனி ஒரு குடமும் ஏறலாகாது என்றும், அரசனே இதற்கு முதலில் அடங்குக என்றும் ஆணை பொறித்தாயிற்று. ஏழாற்று முத்திரையும் இட்டாயிற்று. பன்னீர்ச் செம்போடு காத்து நின்றவரைப் போகச் சொல்லிவிட்டேன். எம் குலத்தில் இதுவரை இல்லாதபடி, ஒரு துளியும் தெளிக்காமல் இவ்வோலை உலர்ந்தே வருகிறது. நறுவீயின் கையில் கொடுக்க. அவள் தொட்டுப் பார்க்கட்டும்.