முகம் தெரிகிற அளவுக்கு ஒரு ரீவி

கோபத்துக்குப் பேர்போன என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் மூன்றாவது திவசம் போன கிழமை முடிந்தது. ஐயர் வந்தார், சொந்தங்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், உங்களைப் போல ஒரு மனிதர் உண்டா என்று பேசிவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் அடித்த அடிகளை ஊரே மறந்துவிட்டதா, இல்லை செத்தவர்தானே என்று விட்டுவிட்டார்களா?

நான் மறக்கவில்லை. அடித்தது நீங்கள் மட்டும் இல்லை என்பதையும் மறக்கவில்லை. ஒருநாள் நானும் உங்களை அடித்தேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நடுவில் ரீவி வாங்கப் போன கதை ஒன்று வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

கல்லடியில் இருந்தவரைக்கும் நீங்கள் கை ஓங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. கடல் வந்த அந்தக் காலையில் வீடு, வள்ளம், தங்கச்சி மூன்றும் போயின. தண்ணீரில் வந்த கூரைத் தகரம் ஒன்று அண்ணாவின் இடது காலை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கிழித்தது. நீங்கள் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கட்டி, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினீர்கள். காயம் ஆறியது. தழும்பு கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. அண்ணா அதைக் காட்டித்தான் என்னைப் பயமுறுத்துவார்.

கடலைப் பார்க்கவே கூடாது என்று வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் சின்னம்மாவின் வீட்டு வளவுக்கு எங்களைக் கொண்டுபோனீர்கள். கடலிடமிருந்து காப்பாற்றிய பிள்ளையை அங்கே வைத்து இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோனது. அன்றிலிருந்துதான் உங்கள் கை நீண்டது. சோறு குழைந்தால் அம்மாவுக்கு அடி. நான் பிந்தி வந்தால் எனக்கு அடி. ஒருநாள் காரணமே இல்லாமல் நாயைப் பொல்லால் அடித்து அதன் இடுப்பை முறித்தீர்கள். அண்ணாவைக் கொண்டுபோனவர்களை அடிக்க உங்களால் முடியாது. எங்களை அடிக்க முடிந்தது.

சண்டை முடிந்த அந்த வைகாசிக் கிழமையை எப்படிச் சொல்வேன்? நிவாரணத்தில் கிடைத்த பதினான்கு இஞ்ச் பெட்டி ரீவிக்கு முன்னால் மூன்று பேரும் கண் வெட்டாமல் இருந்தோம். வன்னியில் எடுத்த படம் ஓடியது. ஆட்கள் வரிசையாக நிலத்தில் இருத்தப்பட்டிருந்தார்கள், கைகள் தலையில். அம்மா துள்ளி எழும்பினார்.

"அந்தா! அந்தா என்ட புள்ள! உயிரோட இரிக்கான்!"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சொல்லி வாய் மூடவில்லை. நீங்கள் மூலையில் கிடந்த மண்வெட்டியைத் தூக்கி ரீவியின் நடுவில் போட்டீர்கள். வெடித்த சத்தத்தில் பக்கத்து வளவு ஆட்கள் குண்டு என்று நினைத்து நிலத்தில் படுத்துவிட்டார்கள். கண்ணாடித் துண்டு அம்மாவின் கன்னத்தில் ஏறியது. இன்னும் போட்டீர்கள், பெட்டி தட்டையாகும்வரை போட்டீர்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உங்கள் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தி வாயில் குத்தினேன். ஒரு குத்து இல்லை, நாலைந்து. முன்பல் ஒன்று விழுந்தது. தொட்டதற்கெல்லாம் அடிக்கிற மனிதர் அன்றைக்குத் திருப்பிக் கை ஓங்கவில்லை. பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்துவிட்டு, "அது அவன் இல்ல" என்று மட்டும் சொன்னீர்கள். முற்றத்தில் போய்க் குந்தினீர்கள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அண்ணாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. தடுப்பு முகாம் வாசல்கள், விசாரணைக் குழுக்கள், பிள்ளைகளைத் தேடும் தாய்மாரின் போராட்டப் பந்தல்கள் எல்லாவற்றிலும் போய் இருந்தார். வீட்டுக்கு வந்தால் உங்களைத் திட்டுவார். "என்ட புள்ளைய ஒருக்கா முழுசாப் பாக்க உடாத பாவி." நீங்கள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். வீட்டுக்குள் இன்னொரு ரீவி வரவும் விடவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு அம்மா தானாகவே என்னிடம் கேட்டார். "மகன், ஒரு ரீவி வாங்குவமா? செவரில தொங்குமே, அந்தத் தட்டை ரீவி."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு நாடகம் பார்க்கிற ஆசை வந்துவிட்டது, இனி அழுகையெல்லாம் மாமியார் மருமகள் சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். மேசன் வேலைத் தளத்தில் வாய் திறந்தேன், ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். ஒருவர், பேர்போன கம்பனியில் சின்னதாக வாங்கு என்றார். இன்னொருவர், பேர் தெரியாத சீனச் சாமான் என்றாலும் பெரிதாக வாங்கு, படம் எல்லாம் ஒன்றுதான் என்றார். எங்கள் பக்கத்துக் கரண்ட் ஏறி இறங்குகிற சீரில் எதை வாங்கினாலும் எரிந்துபோகும் என்றார் மூன்றாமவர். நான் வீட்டுக்கு வந்து அளவுநாடாவைப் போட்டு, அம்மாவின் பாயிலிருந்து சுவருக்கு ஒன்பது அடி என்று பார்த்தேன். அந்தத் தூரத்துக்கு முப்பத்திரண்டு இஞ்ச் காணும். மலிவானதில் நல்லது.

வலையிறவுப் பாலத்தால் அம்மாவை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். காத்தான்குடி முஸ்லிம் ஆள் ஒருவரின் கடை. சுவர் முழுக்க ரீவிகள், எல்லாவற்றிலும் ஒரே பூ விரிந்துகொண்டிருந்தது. விற்பனைக்கு நின்றவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் விலை கேட்க முன்னால் அம்மா முந்திக்கொண்டார்.

"தம்பி, இதில ஒரு ஆள்ர முகம் அடையாளம் தெரியுமா?"

"என்னம்மா இப்பிடிக் கேக்கிறீங்க? மூக்குத்தியில இரிக்கிற கல்லுகூடத் தெரியும்."

"ஓடுற படத்த நிப்பாட்டலாமா?"

"பென் டிரைவில போட்டா நிப்பாட்டலாம். பின்னுக்கும் போகலாம்."

அம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பென் டிரைவ். பந்தலில் கூட இருக்கிற இன்னொரு தாய்க்கு அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். அன்று நாங்கள் பார்த்த அதே செய்தி, முழுதாக. போனில் பார்த்தால் முகம் அரிசி அளவுதான் தெரிகிறதாம். அதற்காகத்தான் அம்மாவுக்கு ரீவி வேண்டியிருந்தது. "அந்தா, அந்தப் பெரிசில போடுங்க" என்று நாற்பத்து மூன்று இஞ்சைக் காட்டினார்.

தடுத்திருக்கலாம். ஆனால் எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது அப்பா.

படம் ஓடியது. வரிசையாக இருத்தப்பட்டவர்கள் வந்தார்கள். "நிப்பாட்டுங்க!" அம்மா ஓடிப்போய்த் திரையில் கை வைத்தார். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். வேறு யாரோ பெற்ற பிள்ளை. காது வேறு, நெற்றி வேறு. அம்மா அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார். விற்பனையாளர் என்ன ஏது என்று தெரியாமல் படத்தை மறுபடி ஓட விட்டார்.

அடுத்த படத்தில் கால்கள் வந்தன. நிலத்தில் அடுக்கிக் கிடத்தியவர்களின் வெறும் கால்கள். மூன்றாவது ஆளின் இடது காலில், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அந்தத் தழும்பு. கமரா மெல்ல மெல்ல முகங்களை நோக்கி ஏறியது. அம்மா இன்னும் திரையில் கை வைத்தபடி, கலங்கிய கண்ணைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்க ஒரு நொடி ஆகும். முகம் வர ஒரு நொடி ஆகும்.

என் கையில் ஹெல்மெட் இருந்தது. ஓங்கி அடித்தேன். திரை நொறுங்கிக் கறுத்தது. விடவில்லை, இன்னும் அடித்தேன், சுவரிலிருந்து அது கழன்று விழுந்த பிறகும் மிதித்தேன். நாலு பேர் வந்து என் கழுத்தைப் பிடித்து நிலத்தில் அமுக்கினார்கள். யாரோ முதுகில் உதைத்தார்கள். அம்மா என் முகத்தில் மாறி மாறி அறைந்தார்.

"அப்பன்ட புத்தி! அப்பன்ட அதே புத்தி! நீயும் பாக்க உடமாட்டாய் என்ன?"

அந்தத் தரையில் கிடக்கும்போதுதான் அன்றைக்கு உங்கள் வாயில் ஏன் வேறு சொல் வரவில்லை என்று விளங்கியது. அம்மா முதல் படத்திலேயே நின்றுவிட்டார். நீங்கள் அடுத்த படத்தைக் கண்டுவிட்டீர்கள்.

கடை முதலாளி எல்லாரையும் விலக்கினார். அவரும் அந்தக் கால்களைப் பார்த்திருந்தார். "பொலிசு வேணாம், உடுங்க" என்றார். பென் டிரைவைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் வைத்தார். "தம்பி, உம்மாட கையில இதக் குடுத்துராதீங்க" என்று காதுக்குள் சொன்னார். உடைத்த ரீவிக்குப் பதிலாக அவருடைய கடைப் பின்சுவரைப் பூசிக் கொடுத்தேன். பென் டிரைவைச் சுத்தியலால் நசுக்கிப் பாலத்திலிருந்து வாவியில் எறிந்தேன்.

அப்பா, உங்கள் காலைப் பிடித்து அழ வேண்டும் போல இருக்கிறது. அதே நேரம் உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருக்கிறது. எனக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் உயிரோடு இருந்த ஆறு வருடமும், போன பிறகு மூன்று வருடமும் அம்மா செத்த பிள்ளையைத் தேடி வெயிலில் இருந்தாரே. அது பாசமா, இல்லை அதுவும் நீங்கள் அடித்த இன்னொரு அடியா?

அதனால் நீங்கள் சொல்லாததை நான் சொன்னேன். திவசத்துக்கு அடுத்த நாள், மத்தியானம், அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முன்னால் குந்தி, தழும்பைச் சொன்னேன், காலைச் சொன்னேன், நீங்கள் ஏன் மண்வெட்டியைத் தூக்கினீர்கள் என்பதையும் சொன்னேன். அம்மா மீன்சட்டியைத் தூக்கி என் தலையில் அடித்தார். சட்டி உடைந்து இரத்தம் வந்தது. பிறகு அகப்பையால் அடித்தார், பிறகு வெறும் கையால். கை ஓய்ந்ததும் நிலத்தில் இருந்தார். அழவில்லை. சிதறிய மீன்களைப் பொறுக்கிக்கொண்டே ஒன்று கேட்டார்.

"மகன், அவன் சட்டை போட்டிருந்தவனா?"

அப்பா, நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். அடுக்கிக் கிடத்திய அந்த வரிசையில் யாருடைய உடம்பிலும் ஒரு முழத் துணி இல்லை.

"ஓம் அம்மா. போட்டிருந்தவர்."

"என்ன நிறம்?"

"நீலம்."

"நீலம் அவனுக்கு நல்லா இரிக்கும்" என்றார் அம்மா. அதற்குப் பிறகுதான் அழுதார்.

நேற்றுக் காலை என்னைக் கூப்பிட்டு, "இனி அந்தப் பெரிசு தேவையில்ல மகன். சின்னதா ஒண்டு வாங்கு, எனக்குப் பொழுது போகணும்" என்றார். இருபத்துநாலு இஞ்ச் பார்த்து வைத்திருக்கிறேன். அதே கடையில்தான். சனிக்கிழமை கொண்டுவருவேன்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன் அப்பா. வருகிற ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகும்போது உங்கள் பெயருக்கும் தங்கச்சியின் பெயருக்கும் பின்னால் அண்ணாவின் பெயரையும் சொல்வேன். நம் வீட்டில் இனி எந்தக் கையும் ஓங்காது, என் கையும்தான். அம்மாவிடம் நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான், அதைச் சாகும்வரை காப்பேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதை வாசிக்கிற யாராவது என் அம்மாவைப் பந்தலிலோ பஸ்ஸிலோ கண்டால், அவர் கேட்டால், அந்தப் படத்தை நாங்களும் பார்த்தோம், உங்கள் மகன் நீலச் சட்டை போட்டிருந்தவர் என்றே சொல்லுங்கள்.

உங்கள் இளைய மகன்,
வவுணதீவிலிருந்து