நீங்கள் ஏற்கெனவே கேட்டிருந்த செய்திகள்

என் பாசமுள்ள சவரிமுத்து அண்ணே,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அடக்கத்தன்று அழ மட்டும்தான் தெரிந்தது. இப்போதுதான் உங்களிடம் கேட்கக் கேள்விகள் வருகின்றன.

பக்கவாதம் வந்து என் வலது கையும் பேச்சும் போன அந்த வருஷம் நினைவிருக்கிறதா? சத்தத்தை வைத்தே போட் எஞ்சினின் கோளாறைச் சொன்ன மெக்கானிக் நான், தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியாமல் கிடந்தேன். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் குவைத்தில். நம் தெருவில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டு வந்தார்கள். வாரம் இரண்டு நாள் யாராவது ஒருவர் ஆட்டோவில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போனார்கள். என் முகத்தைப் பார்த்தே தேவையைத் தெரிந்துகொண்டார்கள். அதனாலேயே நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான், பிறவியிலேயே கண் தெரியாத நீங்கள், ஒரு காலையில் சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தீர்கள். கையில் அன்றைய பேப்பர்.

"டே அம்புரோஸு, இத வாசிச்சுத் தர எனக்கு ஆளில்ல. நீ வாசி."

முடியாது என்று தலையாட்டினேன்.

"என்னடே, சத்தத்தக் காணல? தலையாட்டுதியா? அது எனக்கு எப்பிடித் தெரியும் மக்கா? வாயத் தொறந்து பறயணும்."

"மு... முடியாது" என்றேன். நான்கு மாதத்தில் என் முதல் சொல் அது.

"முடியாதுன்னு சொல்ல முடியுதுல்லா? வாசி."

முதல் நாள் ஒரு தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. நீங்கள் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. கஷ்டமான சொல் வந்தால் நான் மெதுவாகத் தாண்டிப் போய்விடுவேன். உடனே, "அங்க ஒரு வார்த்தைய முழுங்கிட்டியே" என்பீர்கள். கண் தெரியாதவருக்கு இது எப்படித் தெரிகிறது என்று ஒன்றரை வருஷம் மண்டையைக் குடைந்தேன். கேட்டால் சிரிப்பீர்கள்.

போன மாதம்தான் விடை கிடைத்தது. முக்கு டீக்கடைச் செல்லத்துரையிடம், "சவரி அண்ணனுக்குப் பேப்பர் வாசிச்ச ஒரே ஆளு நாந்தான்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னா? அவரு ஆறு மணிக்கே இஞ்ச வந்துருவாரு. நான் ஒரு வரி விடாம வாசிப்பேன். கேட்டுட்டு, அதே பேப்பர மடக்கி வாங்கிட்டுத்தான் உமக்க வீட்டுக்கு வருவாரு."

டீ ஆறிப்போனது, அண்ணே. ஏற்கெனவே கேட்ட செய்திக்குத் தினமும் எப்படிப் புதிதாக "அய்யோ" சொன்னீர்கள்? இது உங்கள் யோசனைதானா? கஞ்சி முறை போட்ட லில்லி அக்காவிடம் கேட்டேன். கூட்டத்தில் நீங்கள் எழுந்து, "நான் கஞ்சி கொண்டு போனா வழியெல்லாம் சிந்தும். எனக்கு வேற வேல தாங்க" என்றீர்களாம். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

இன்னொரு சேதி. தோப்புக்குள் இருக்கிற தங்கப்பன் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறான். வயது முப்பத்தாறு. அன்பியமும் செல்லத்துரை கும்பிடப் போகிற அய்யாவழிக் கோயில் ஆட்களும் சேர்ந்து சாப்பாட்டு முறை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி ஏற, வாசற்படியை உடைத்துச் சரிவு கட்டினார்கள். ஆனால் அவன் நாற்காலியில் உட்காரவே மறுத்தான். சுவரைப் பார்த்தே கிடந்தான்.

மூன்று நாள் போய்ச் சும்மா இருந்தேன். நான்காம் நாள் திரும்பாமலே கேட்டான்: "என்னத்துக்கு வருதீரு?"

"எனக்கு ஒரு கடிதம் எழுதணும். வலது கை வராது. நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவியா?"

அடுத்த நாள் போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், மடியில் பலகை.

இந்தக் கையெழுத்து அவனுடையதுதான், அண்ணே. நான் இடது கையால் எழுதப் பழகி வருஷமாகிறது என்று இப்போது சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டான்.

"அப்போ என்ன ஏமாத்தினீரா?"

"ஆமா."

கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. பிறகு தாளைத் திருப்பினான். "செரி, சொல்லும். அந்தச் சவரிமுத்து வேற என்னெல்லாம் செய்தாரு?"

சொல்லத்தான் போகிறேன். நாளை சாயங்காலம் அவனைக் கடல் பார்க்கக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மணலில் சக்கரம் புதையும். தூக்குவதற்கு வலைக்காரர்கள் நான்கு பேரிடம் சொல்லி வைத்தாயிற்று. எப்படியும் அலை வரைக்கும் கொண்டு போவேன், அண்ணே.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
அம்புரோஸ்
(எழுதியது தங்கப்பன்)